தலைவலி என்று சொன்ன பிள்ளையை நான் நம்பவில்லை



போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். வரிசையாக நாலு தலை, ஒவ்வொன்றிலும் ஓர் இடத்தில் சிவப்பு. நெற்றியைச் சுற்றி வலித்தால் டென்ஷன், கண்ணுக்குக் கீழே வலித்தால் சைனஸ், ஒரு பக்கம் மட்டும் வலித்தால் மைக்ரேன் என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே என் தங்கை மகள் கேட்டிருந்தாள்: "பெரியம்மா, எனக்கு ரெண்டு பக்கமும்தான் வலிக்குது. அப்ப மைக்ரேன் இல்லதானே?"

அவளுக்கு நாலு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன். நாற்பது வரி ஆயிற்று. பாடம் நடத்துகிற பழக்கம் ரிட்டயர் ஆனாலும் போகாது. அதனால் இங்கேயே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. டீச்சர் ட்ரெயினிங் டிப்ளமோ முடித்து, ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குக் கணக்கும் அறிவியலும் நடத்தியவள். ஆனால் தலைவலி விஷயத்தில் இரண்டு முறை தவறாகத் தீர்ப்பு சொன்னவள். அந்த இரண்டு தவறும் எதிரெதிர்த் தவறுகள். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதல் தவறு 2002ல். ஏழாம் வகுப்பில் ஒரு பெண். பெயர் வேண்டாம், அவளும் இதைப் படிப்பாள். மாதத்தில் இரண்டு மூன்று நாள், மதியம் சாப்பாட்டு மணிக்கு முன்னாலேயே தலையை டெஸ்க்கில் கவிழ்த்துக்கொள்வாள். கேட்டால், "தலை வலிக்குது டீச்சர்." அரைப் பரீட்சை நேரத்தில் இன்னும் அதிகம். நான் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்: "கணக்குன்னா மட்டும் உனக்குத் தலைவலி வரும், விளையாட்டு பீரியடுக்கு வராது, இல்லையா?" பிள்ளைகள் சிரித்தார்கள். அவளை எழுந்து நிற்க வைத்தேன். ஜன்னல் பக்கம், நல்ல வெயிலில்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பாண்டி பஜார் நடைபாதையில் "டீச்சர்!" என்று ஒரு குரல். அவள்தான். கையில் பத்து வயது மகள். கல்லில் உட்கார்ந்து பேசினோம். பேச்சுவாக்கில் சொன்னாள்: "எனக்கு மைக்ரேன் டீச்சர். சின்ன வயசுலேர்ந்தே. இருபத்தெட்டு வயசுலதான் ஒரு டாக்டர் கண்டுபிடிச்சார். அப்பல்லாம் வலி வர்றதுக்கு முன்னாடி நீங்க போர்டுல எழுதின கணக்குல நடுவுல ஒரு ஓட்டை தெரியும். அதைச் சுத்தி வளைஞ்சு வளைஞ்சு வெள்ளிக் கோடு மினுங்கும். அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல. சொன்னா யார் நம்புவாங்க?"

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. என் கரும்பலகையில் அவள் பார்த்த ஓட்டையை நான் பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகுதான் நான் இதைப் பற்றி உட்கார்ந்து படித்தேன். எனக்குப் புரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் பெயர். தமிழில் ஒற்றைத் தலைவலி என்கிறோம். மைக்ரேன் என்ற சொல்லும் பாதித் தலை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். ஆக இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே அடையாளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பக்கம் வலிப்பது ஓர் அடையாளம், கட்டாயம் இல்லை. நிறையப் பேருக்கு இரண்டு பக்கமும் வலிக்கும். பிள்ளைகளுக்கு நெற்றி முழுக்க வலிப்பது சகஜம். ஆகவே தங்கை மகளே, உன் கேள்விக்குப் பதில்: இரண்டு பக்கமும் வலிப்பதால் மட்டும் மைக்ரேன் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

பின்னே எதை வைத்துச் சொல்வது? வலிக்கிற இடத்தை மட்டும் பார்க்காமல் வலியோடு என்னென்ன வருகிறது என்று பார்க்க வேண்டும். மைக்ரேன் வந்தால், மாத்திரை போடாமல் விட்டால், 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை இருக்கும். பிள்ளைகளுக்கு 2 மணி நேரத்திலேயே விட்டுவிடலாம். விண்விண் என்று தெறிக்கும். மாடிப்படி ஏறினால், குனிந்து கோலம் போட்டால் கூடும். குமட்டும், வாந்தி வரும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, சிலருக்கு வாசனையும் ஆகாது. இருட்டு அறையில் அசையாமல் படுக்கத் தோன்றும். சிலருக்கு மட்டும் வலிக்கு முன்னால் அந்த வெள்ளிக் கோடும் ஓட்டையும் தெரியும். மெதுவாகப் பரவி, ஐந்து நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் மறையும்.

டாக்டர்கள் முதலில் கேட்பதற்கென்று 2003ல் மூன்றே கேள்விகள் கொண்ட ஒரு சிறு சோதனையை வெளியிட்டார்கள். வலிக்கும்போது வெளிச்சம் தொந்தரவு செய்கிறதா? குமட்டுகிறதா? கடந்த மூன்று மாதத்தில் ஒரு நாளாவது தலைவலியால் வேலை கெட்டதா? மூன்றில் இரண்டுக்கு ஆமாம் என்றால் மைக்ரேனாக இருக்க வாய்ப்பு அதிகம், டாக்டரைப் பாருங்கள் என்று அர்த்தம். நான் அன்று அந்தப் பெண்ணிடம் இந்த மூன்றையும் கேட்டிருக்கலாம். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

நம்மில் பலருக்கு வருவது டென்ஷன் தலைவலி. இறுக்கமாகத் தலைப்பாகை கட்டிய மாதிரி இரண்டு பக்கமும் அழுத்தும். தெறிக்காது. வாந்தி வராது. அதோடு சமைக்கலாம், பஸ் பிடிக்கலாம், பேப்பர் திருத்தலாம். அரை மணி நேரத்திலும் போகும், சில நாள் வரை இழுத்துக்கொண்டும் இருக்கும். நான் வேலையில் இருந்தபோது மார்ச் மாதம் முழுக்க எனக்கு இருந்தது இதுதான். எனக்கு அதுதான் தலைவலி. அதை வைத்துக்கொண்டு வேலை செய்தவள் நான் என்பதால், தலைவலியோடு ஒரு பிள்ளை ஏன் கணக்குப் போட முடியாது என்று நினைத்துவிட்டேன். அவரவர் தலைவலியை வைத்து அடுத்தவர் தலைவலியை அளக்கிறோம். தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இன்னொரு வகையும் உண்டு, குறைவான பேருக்கு. ஒரு கண்ணைச் சுற்றி ஊசி வைத்துக் குடைவது போல வரும். அந்தக் கண் சிவந்து தண்ணீர் கொட்டும், அந்தப் பக்க மூக்கு அடைக்கும். கால் மணியிலிருந்து மூன்று மணி நேரம். தினமும் ஏறக்குறைய அதே நேரத்துக்கு வரும். மைக்ரேன்காரர் அசையாமல் படுப்பார், இவர்களால் உட்காரக்கூட முடியாது, அறைக்குள் நடந்துகொண்டே இருப்பார்கள். கிளஸ்டர் தலைவலி என்பார்கள். அதற்கு மருத்துவம் வேறு.

இப்போது நம் வீட்டுப் பெயர்களுக்கு வருவோம். மயிலாப்பூரில் எங்கள் அம்மா காலத்தில் தலைவலிக்கு எத்தனை பெயர்! தலையில் நீர் கோத்த தலைவலி. பித்தத் தலைவலி. வெயில் தலைவலி. பட்டினித் தலைவலி. பூ வாசனைத் தலைவலி. ஒவ்வொன்றுக்கும் ஒரு வைத்தியம்: சுக்குப் பற்று, சாம்பிராணிப் புகை, எலுமிச்சை ரசம், இஞ்சிக் கஷாயம். அறுபத்து மூவர் பார்த்துவிட்டு வந்து மாட வீதி வெயிலில் வந்த வலி வேறு, ஏகாதசியன்று வந்த வலி வேறு என்று நினைத்தோம்.

பல பேருக்கு இவை ஐந்தும் ஒரே நோயின் ஐந்து வாசல்கள் என்பது இப்போது எனக்குப் புரிகிறது. வெயில், பட்டினி, தூக்கம் கெடுதல், கடுமையான வாசனை, மாதவிலக்கு எல்லாமே மைக்ரேனைத் தூண்டக் கூடியவை. "வாந்தி எடுத்துட்டா பித்தம் இறங்கிடும், தலைவலி விட்டுடும்" என்று நாம் சொல்வோமே, அந்தப் பித்தத் தலைவலிக்காரரை அந்த மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். ஏகாதசித் தலைவலியில் இன்னொரு கள்ளனும் உண்டு. தினமும் இரண்டு டம்ளர் டிகிரி காபி குடிப்பவர் ஒரு நாள் காபியை நிறுத்தினால், அதற்காகவே தலை வலிக்கும். காபி குடித்த ஒரு மணி நேரத்தில் விட்டுவிட்டால் விஷயம் விளங்கிவிடும்.

நீர் கோத்தது என்றும் சைனஸ் என்றும் சொல்வதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 2004ல் வெளியான ஓர் ஆய்வு. எங்களுக்கு சைனஸ் தலைவலி என்று தாங்களே சொன்னவர்கள், அல்லது டாக்டர் சொல்லிக் கேட்டவர்கள், ஏறக்குறைய 3,000 பேரை விசாரித்தார்கள். அதில் 88 சதவீதம் பேருக்கு மைக்ரேன் வகை அடையாளங்கள் இருந்தன. காரணம் எளிது. மைக்ரேன் வரும்போதே மூக்கு ஒழுகும், கண் கலங்கும், முகம் கனக்கும். உண்மையான சைனஸ் அழற்சியில் மூக்கில் மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டியாகச் சளி வரும், வாசனை தெரியாமல் போகும், காய்ச்சல் வரலாம். அது எதுவும் இல்லாமல் மாதம் மூன்று முறை "சைனஸ்" வருகிறவர்கள் கொஞ்சம் யோசியுங்கள்.

காலையில் நான் நடக்கப் போவது லஸ்ஸில் உள்ள நாகேஸ்வர ராவ் பூங்காவுக்கு. 1893ல் பம்பாயில் அமிர்தாஞ்சன் தைலத்தைத் தொடங்கியவர் அவர். தலைவலித் தைலம் தந்தவர் பெயரில் பூங்கா வைத்திருக்கும் பேட்டை இது. எங்கள் வீட்டிலும் அலமாரியில் தைலப் புட்டி எப்போதும் உண்டு. தேய்த்துக்கொள்ளுங்கள், இதமாக இருக்கும். ஆனால் இது என்ன தலைவலி என்ற கேள்வியைத் தைலம் தீர்க்காது. அந்தக் கேள்வியைக் கேட்காததால் நடந்ததுதான் என் இரண்டாவது தவறு.

2011. அடையாறு காந்தி நகரில் என் சின்ன மாமா வீடு. அத்தைக்கு இருபது வருஷமாக மைக்ரேன். அம்மாவுக்கு உண்டு, என் தங்கைக்கும் உண்டு. ஆகவே தலைவலி என்றால் எங்கள் குடும்பத்துக்குத் தெரியாதது இல்லை என்ற நினைப்பு. நான் அன்று அங்கே போயிருந்தேன். சாயங்காலம் மாமா தண்ணீர்க் கேனைத் தூக்கிக் கவிழ்த்தார். அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "பின்மண்டையில யாரோ கட்டையால அடிச்ச மாதிரி இருக்குடி" என்றார். மாமாவுக்கு அதுவரை தலைவலி என்பதே கிடையாது.

அத்தை விளக்கை அணைத்தாள். நான் தைலம் தேய்த்தேன். சுக்கு அரைத்துப் பற்றுப் போட்டோம். இரண்டு முறை வாந்தி எடுத்தார். "வெளியே வந்துடுச்சு, இனிமே சரியாயிடும்" என்று சொன்னது நான்தான். காலை ஐந்து மணிக்கு எழுப்பினால் எழுந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "வலி எப்படி ஆரம்பிச்சது? கொஞ்சம் கொஞ்சமாவா, ஒரே நொடியிலயா?" எங்களுக்குப் பதில் தெரியும். ஆனால் முந்தின சாயங்காலம் அந்தக் கேள்வி எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. மூளையை ஒட்டிய ரத்தக்குழாய் ஒன்று பலூன் மாதிரி வீங்கி வெடித்திருந்தது. ஐந்தாம் நாள் மாமா போய்விட்டார். உடனே கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டர் சொல்லவில்லை. கேட்க எங்களுக்கும் தைரியம் வரவில்லை. 108 ஆம்புலன்ஸ் அப்போதே இருந்தது. போன் எடுக்க நாங்கள் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு பிள்ளைக்கு வந்த மைக்ரேனை நடிப்பு என்றேன். ஒரு பெரியவருக்கு வந்த ரத்தக்கசிவை மைக்ரேன் மாதிரி என்று நினைத்தேன். இரண்டிலும் நான் கேட்டது "ரொம்ப வலிக்குதா?" என்பதை மட்டுமே. அந்தக் கேள்வியால் பயன் அதிகம் இல்லை. வருஷக்கணக்காக வந்து போகும் மைக்ரேன் உயிர் போகிற மாதிரி வலிக்கும், ஆனால் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்து இல்லை. ஆபத்தான வலி சில சமயம் சாதாரணமாகவே ஆரம்பிக்கும். எவ்வளவு வலி என்பதைவிட, எப்படி வந்தது, இதற்கு முன் இப்படி வந்திருக்கிறதா, கூட என்ன வருகிறது என்ற மூன்றும்தான் முக்கியம். இதுதான் என் கருத்து, இந்தப் பதிவின் சாரமும் இதுவே.

எப்போது தைலப் புட்டியை வைத்துவிட்டு உடனே ஓட வேண்டும் என்பதைத் தனியாக எழுதுகிறேன். எழுதி ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டுங்கள்.

1. ஒரு நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போகும், இடி விழுந்த மாதிரி வலி.
2. காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பிதற்றல், அளவு கடந்த தூக்கம்.
3. கை கால் தளர்ச்சி, வாய் கோணல், பேச்சுக் குழறல், பார்வை போதல், வலிப்பு.
4. தலையில் அடிபட்ட பிறகு வரும் வலி. வயதானவர்கள் பாத்ரூமில் வழுக்கி விழுந்து சில வாரம் கழித்து வந்தாலும் இதே கணக்குத்தான்.
5. 50 வயதுக்கு மேல் முதல்முறையாக வரும் புதுத் தலைவலி. அதிலும் மெல்லும்போது தாடை வலித்தால், தலை வாரும்போது நெற்றிப்பொட்டு வலித்தால், தாமதித்தால் கண் பார்வையே போகலாம்.
6. கண் சிவந்து வலித்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தால் கண் டாக்டர், அன்றே.
7. நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போவது, இருமினால், முக்கினால் வருவது.
8. கர்ப்பிணிகளுக்கும் பிரசவமானவர்களுக்கும் வரும் புதுத் தலைவலி.

எட்டாவதைப் பற்றி அம்மாக்களுக்கும் மாமியார்களுக்கும் ஒரு வார்த்தை. பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் அதிகம் கொடுக்கக் கூடாது என்று இன்னும் சில வீடுகளில் கட்டுப்படுத்துகிறார்கள். பிரசவத்துக்குப் பின் சில வாரங்கள் ரத்தம் இயல்பைவிட எளிதில் உறையும். உடம்பில் தண்ணீரும் குறைந்தால், மூளையிலிருந்து ரத்தம் திரும்பும் குழாய் அடைத்துக்கொள்ளும் அபாயம் கூடும். அதன் முதல் அடையாளம் பல சமயம் தலைவலிதான். தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள். தலைவலி என்றால் அலட்சியம் வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் ஸ்கேன் எடுக்க ஓடாதீர்கள். மைக்ரேன் ஸ்கேனில் தெரியாது. ஸ்கேன் எடுப்பது வேறு கோளாறு இல்லை என்று பார்க்க. "ஸ்கேன் நார்மல், உனக்கு ஒண்ணும் இல்ல, மனசுதான் காரணம்" என்று வீட்டில் சொல்கிறார்களே, அதைவிடக் கொடுமை இல்லை. 1950லேயே சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி மூளை அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கிய ஊர் இது. நிபுணர்களுக்குப் பஞ்சம் இல்லை. நிபுணரிடம் சொல்ல நம்மிடம் சரியான விவரம்தான் இல்லை.

அதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். தேதி, ஆரம்பித்த நேரம், விட்ட நேரம், வாந்தி உண்டா, வெளிச்சம் ஆகவில்லையா, முந்தின ராத்திரி எவ்வளவு தூக்கம், எந்த வேளை சாப்பிடவில்லை, மாதவிலக்குத் தேதி, எத்தனை மாத்திரை. இரண்டு மாதம் எழுதிக்கொண்டு போங்கள். டாக்டருக்குப் பாதி வேலை குறையும்.

கடைசி வரி, மாத்திரைக் கணக்கு, முக்கியம். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளுக்கு மேலும், கலப்பு மாத்திரைகளையும் மைக்ரேனுக்கென்றே உள்ள டிரிப்டான் மாத்திரைகளையும் 10 நாளுக்கு மேலும், மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து போட்டால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். மெடிக்கல் ஷாப்பில் "தலைவலிக்கு ஒண்ணு குடுங்க" என்று வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொள்ளும் டீச்சர்களை எனக்குத் தெரியும். நானே அப்படி இருந்தேன். டாக்டரிடம் போனால், வலி வந்த உடனே போட வேண்டிய மாத்திரை தனி, அடிக்கடி வருபவர்களுக்கு வராமல் தடுக்கும் மாத்திரை தனி என்று பிரித்துத் தருவார்.

"உங்க காலத்துல எல்லாம் இப்படி நோட்டுப் போட்டா எழுதினீங்க? எல்லாத்தையும் நோயாக்கணுமா?" என்று என் பையன் கேட்கிறான். பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில், பெங்களூரைச் சுற்றி, வீடு வீடாகப் போய் எடுத்த ஆய்வில் நான்கில் ஒருவருக்கு ஒரு வருஷத்தில் மைக்ரேன் இருந்தது. பெண்களுக்கு அதிகம். உலக அளவிலும், இளம் பெண்களை அன்றாட வேலை செய்யவிடாமல் முடக்கும் நோய்களில் முதலிடம் இதற்குத்தான் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம் காலத்தில் நோய் இல்லாமல் இல்லை. அம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தலையில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு சமைத்தாள். நாம் கேட்கவில்லை.

என் மாணவர்களில் பலர் இப்போது ஆசிரியர்கள். உங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பிள்ளை தலைவலி என்றால் முதலில் நம்புங்கள். நிழலில் உட்கார வையுங்கள், தண்ணீர் கொடுங்கள், காலையில் சாப்பிட்டதா என்று கேளுங்கள். நெட்டுயிர்த்துக்கொண்டு பொய் சொல்கிற பிள்ளையும் இருக்கும். பத்துப் பொய்யை நம்பினால் பத்து பீரியட் போகும். ஒரு உண்மையை நம்பாமல் விட்டால் அந்தப் பிள்ளை பதினாறு வருஷம் யாரிடமும் சொல்லாது.

பாண்டி பஜாரில் பிரியும்போது அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஐயோ டீச்சர், விடுங்க" என்றாள். பிறகு மகளைக் காட்டி மெல்லச் சொன்னாள்: "இவளுக்கும் ஆரம்பிச்சிருக்கு டீச்சர். ஆனா இவ க்ளாஸ் மிஸ்கிட்ட நான் போய் எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கேன்."

அந்த மிஸ் யாரென்று தெரியாது. நன்றாக இருக்கட்டும்.

உங்கள் வீட்டில் யாருக்கு என்ன பெயரில் தலைவலி வருகிறது என்று கீழே எழுதுங்கள். வைத்தியம் சொல்ல மாட்டேன். மூன்று கேள்வி மட்டும் கேட்பேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்
மயிலாப்பூர்